வகுப்பின் நடுவே ஒரு கேள்வி: சக மாணவர் கற்பித்தல் என்றால் என்ன?

முதலில் ஒரு கேள்வி. பெரிய மரம் ஒன்றை வெட்டி, துளி ஈரம் இல்லாமல் காயவைத்து எடை போடுகிறோம். ஒரு டன் தேறுகிறது. அந்த ஒரு டன்னில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது?

அ) மண்ணிலிருந்து
ஆ) வேர் உறிஞ்சிய நீரிலிருந்து
இ) காற்றிலிருந்து
ஈ) சூரிய ஒளியிலிருந்து

ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேலே படியுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவரிடமும் கேட்டுப் பாருங்கள். விடையை இப்போது சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

இந்தக் கேள்விக்கு வேண்டிய எல்லாமே பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் ஏராளம். அவர்களிடமே இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டால் பலர் தடுமாறுகிறார்கள். சமன்பாடு ஒரு பெட்டியில் கிடக்கிறது, மரம் இன்னொரு பெட்டியில் கிடக்கிறது. இரண்டும் சந்தித்துக்கொண்டதே இல்லை.

கல்லூரி வகுப்பறையின் பெரிய சிக்கல் இதுதான் என்பது என் எண்ணம். ஆசிரியர் நன்றாகத்தான் நடத்துகிறார். மாணவர்கள் தலையாட்டுகிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள். "புரிந்ததா?" என்றால் "புரிந்தது சார்" என்று பதில் வருகிறது. அது பொய்யில்லை. நல்ல விளக்கத்தைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். உண்மையில் என்ன புரிந்தது என்பது விடைத்தாள் திருத்தும் நாளில்தான் வெளியே வரும். அப்போது தெரிந்து என்ன செய்ய? அந்தப் பாடம் நடந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதைக் கண்டுபிடித்து, கையோடு சரிசெய்யவும் ஒரு எளிய வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பார்கள். தமிழில் சக மாணவர் கற்பித்தல் எனலாம். பெயரைக் கேட்டால் மாணவர்களே மேடையேறிப் பாடம் நடத்துவது போலத் தோன்றும். அப்படியில்லை.

லாரியும் காரும்

எரிக் மசூர் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர். 1984இல் அங்கே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் அவருக்கு நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள், தேர்வுக் கணக்குகளையும் நன்றாகவே போட்டார்கள். தான் நல்ல ஆசிரியர் என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

1990 வாக்கில் சில ஆய்வுக் கட்டுரைகள் அவர் கண்ணில் பட்டன. இப்ராஹிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டெனஸ் இருவரும் 1985இல் எழுதியவை. ஒரு பருவம் முழுக்க இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்து எழுந்த பிறகும், விசையைப் பற்றியும் இயக்கத்தைப் பற்றியும் மாணவர்கள் வரும்போது கொண்டுவந்த எண்ணங்கள் பெரிதாக மாறுவதில்லை என்பதுதான் அவற்றின் சாரம். என் மாணவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்று நினைத்த மசூர், அதே வகைத் தேர்வைத் தன் வகுப்பில் வைத்துப் பார்த்தார். கணக்கே கிடையாது. கனமான லாரியும் சின்னக் காரும் மோதிக்கொண்டால் எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது என்பது போன்ற கேள்விகள்.

மாணவர் ஒருவர் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். இதற்கெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, இல்லை நான் நினைக்கிறபடி எழுதவா?

அந்தச் சந்தேகத்திலேயே முழு நோயும் இருக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி அந்த வகுப்பில் யாருக்குத் தெரியாது? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த விதிப்படி லாரி காரின்மீது செலுத்தும் விசையும் கார் லாரியின்மீது செலுத்தும் விசையும் சமம். ஆனால் அப்பளமாக நொறுங்கிக் கிடப்பது கார்தானே! காரின் நிறை குறைவு, அதனால் அதே விசை அதன் வேகத்தை அதிகமாக மாற்றிவிடுகிறது என்ற நடுக்கண்ணி மனத்தில் விழாதவரை, விதி ஒப்பிப்பதற்கு, லாரி நம்புவதற்கு என்று இரண்டு கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

மசூர் இப்படியொரு கேள்வியை வகுப்பில் விளக்கிப் பார்த்தார். முகங்கள் தெளியவில்லை. இன்னொரு விதமாக விளக்கினார். அப்போதும் குழப்பம்தான். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வகுப்பு இரைச்சல் காடானது. சில நிமிடங்களில், அவர் இரண்டு முறை சொல்லியும் ஏறாத விஷயம் மாணவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் செய்த அந்தக் காரியத்தைத்தான் 1991 முதல் ஒரு முறையாக அமைத்துக்கொண்டார்.

ஒரு சுற்று எப்படி நடக்கும்

ஆசிரியர் ஏழெட்டு நிமிடம் ஒரே ஒரு கருத்தை விளக்குகிறார். பிறகு நான்கு விடைகளோடு ஒரு கேள்வியைத் திரையில் போடுகிறார், அல்லது பலகையில் எழுதுகிறார். முதல் ஒன்றிரண்டு நிமிடம் யாரும் யாரோடும் பேசக்கூடாது. தனியாக யோசித்து, ஒரு விடையில் நின்று, வாக்களிக்க வேண்டும்.

வாக்களிக்க கிளிக்கர் என்ற சின்னக் கருவி உண்டு, கைபேசிச் செயலிகளும் உண்டு. நான் சிபாரிசு செய்வது விரல்களை. 'அ' என்றால் ஒரு விரல், 'ஆ' என்றால் இரண்டு. கையை உயரே தூக்காமல் நெஞ்சோடு ஒட்டி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எதிரே நிற்கும் உங்களுக்குத் தெரியும், பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. கருவி வாங்கினால்தான் தொடங்க முடியும் என்று காத்திருப்பவர்கள் கடைசிவரை தொடங்குவதில்லை.

எத்தனை பேர் சரி என்பதைப் பார்த்து அடுத்த அடி. 30 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் பேசவிட்டுப் பயனில்லை. தெரிந்தவர்கள் போதாது, நீங்கள்தான் வேறு விதமாக மறுபடி விளக்க வேண்டும். 70 சதவீதத்தைத் தாண்டினால் ஏன் சரி என்று இரண்டு வரி சொல்லிவிட்டு நகரலாம். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் விளைச்சல் நிலம். "உங்களுக்கு மாறான விடையில் நிற்பவரைத் தேடிப் பிடியுங்கள், அவரைச் சம்மதிக்க வையுங்கள்" என்று சொல்லி இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு மறுபடி வாக்கு. கடைசியில் ஆசிரியரின் விளக்கம், தவறான விடைகள் ஏன் தவறு என்பதையும் சேர்த்து. மொத்தம் கால் மணி நேரம்.

அந்த இரண்டு மூன்று நிமிடம் நீங்கள் மேடையில் நிற்காதீர்கள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து காது கொடுங்கள். மாணவர் தன் சொந்த வார்த்தையில் ஒரு தவறான எண்ணத்தை நியாயப்படுத்துவதைக் கேட்பது போன்ற பாடம் ஆசிரியருக்கு வேறெங்கும் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. முதல் வாக்கின் கணக்கை விவாதத்துக்கு முன்னால் காட்டிவிடாதீர்கள். 'ஆ'வுக்கு இத்தனை பேர் என்று தெரிந்த கணமே பலர் யோசிப்பதை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அதேபோல் சரியான விடைக்கு மதிப்பெண் வைக்காதீர்கள். வைத்தால் நன்றாகப் படிப்பவரின் விரலைப் பார்த்துத்தான் மற்ற விரல்கள் எழும். வாக்களித்ததற்கு மட்டும் ஒரு சின்ன மதிப்பெண், அல்லது அதுவும் வேண்டாம்.

பக்கத்து மாணவர் சொன்னால் எப்படிப் புரிகிறது?

ஆசிரியருக்குப் பாடம் தெரியும். அதுதான் தொல்லை. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவருக்கு மனத்துக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்பவருக்கு வெறும் டொக் டொக்.

இருபது வருடமாக ஒரு பாடத்தை நடத்துகிறவர் மேசையைத் தட்டுகிறவர். அந்தப் பாடம் தனக்கு எந்த இடத்தில் புரியாமல் இருந்தது என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். பக்கத்து இருக்கைக்காரருக்கோ ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் புரிந்தது. எங்கே இடறினோம், எந்த வார்த்தை தூக்கிவிட்டது என்பது இன்னும் சூடாக நினைவில் இருக்கிறது. அவர் அதைத்தான் சொல்கிறார்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். இது கற்பதா, அல்லது கெட்டிக்கார மாணவரின் விடையைக் காப்பியடிப்பதா? கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிஷல் ஸ்மித்தும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். விவாதம் முடிந்ததும், விடையைச் சொல்லாமலே, அதே கருத்தை வேறு உடையில் கேட்கும் இன்னொரு கேள்வியைத் தனியாகப் பதில் சொல்லக் கொடுத்தார்கள். காப்பியடித்தவர்கள் அதில் விழ வேண்டும். விழவில்லை, மதிப்பெண் கூடியது. அதைவிட வியப்பு, தொடக்கத்தில் குழுவில் ஒருவருக்குக்கூடச் சரியான விடை தெரிந்திருக்க வாய்ப்பில்லாத இடங்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆக, விடை கைமாறுவது மட்டுமல்ல நடப்பது. உரக்க யோசிக்கும்போது, சொல்கிறவருக்கே தன் யோசனையின் ஓட்டை தெரிந்துவிடுகிறது.

முதலில் தனியாக வாக்களிக்க வைப்பதும் சடங்கு இல்லை. ஒரு விடையில் நின்றுவிட்டவருக்கு அது சரியா என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு வந்துவிடுகிறது. மரக் கேள்விக்கு நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால், விடையை இன்னும் சொல்லவில்லையே என்ற எரிச்சல் இந்நேரம் வந்திருக்கும். அந்த எரிச்சலில் இருப்பவருக்குச் சொல்லும் விளக்கம் நேராக உள்ளே போகும்.

கேள்வி செய்வதுதான் வேலை

இந்த முறை தோற்கும் இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி கேள்விதான். நான் முதலில் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கலைச்சொல்லின் வரையறையைக் கேட்டேன். குறிப்பைப் புரட்டி எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். விவாத நேரத்தில் வகுப்பு முழுவதும் கிரிக்கெட் பேசியது. பேச வேறென்ன இருந்தது?

மரத்துக்கு வருவோம். விடை 'இ', காற்றிலிருந்து. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன், 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். இரண்டும் இலைகள் உள்ளிழுத்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தவை. நீர் தருவது ஹைட்ரஜன், அது எடையில் 6 சதவீதம் அளவுதான். மண்ணிலிருந்து வந்த தாதுக்கள் விறகு எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பல் அளவே. ஒளி ஆற்றல் தருகிறது, எடை தருவதில்லை.

இப்போது தவறான விடைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. உரம் போட்டால் செடி வளர்கிறது, ஆகவே மண். வெயில் இல்லாவிட்டால் வாடுகிறது, ஆகவே ஒளி. 'ஆ'வுக்கு ஒரு பெரிய மனிதரின் ஆதரவே உண்டு. 17ஆம் நூற்றாண்டில் யான் வான் ஹெல்மாண்ட் என்ற அறிவியலாளர் எடை போட்ட காய்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 169 பவுண்டு ஆனது, மண் குறைந்ததோ சில அவுன்ஸ். மண் இல்லை என்று சரியாகக் கண்டுகொண்டவர், அப்படியானால் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். அவர் ஊற்றியது தண்ணீரை மட்டும்தானே. காற்று அவர் கணக்கிலேயே வரவில்லை.

நல்ல கேள்வியின் தவறான விடை இப்படித்தான் இருக்க வேண்டும். அறிவுள்ள ஒருவர் நேர்மையாக யோசித்து விழக்கூடிய குழி. வேடிக்கையான விடையைச் சேர்த்து நான்காக நிரப்புவதில் பொருளில்லை. "மேற்கண்ட அனைத்தும்" என்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

அந்தக் குழிகளை உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டாம். பழைய விடைத்தாள்களில் அவை வரிசையாக இருக்கின்றன. ஒரே தவறை இருபது பேர் செய்திருந்தால் அதை எடுத்து ஒரு விடையாக வையுங்கள். கணக்குப் பதிவியல் நடத்துகிறீர்களா? இந்த ஆண்டு இயந்திரத்தின் தேய்மானத்தை, அதாவது பழசாவதால் குறையும் மதிப்பை, அதிகமாகக் காட்டினால், வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், நிறுவனத்தின் கையில் உள்ள ரொக்கம் குறையுமா, கூடுமா, மாறாதா? லாபம் குறைகிறதே, அதனால் ரொக்கமும் குறையும் என்று பாதி வகுப்பு சொல்லும். ரொக்கம் மாறாது, இயந்திரம் வாங்கிய அன்றே பணம் போய்விட்டது. நிரல் எழுதக் கற்பிக்கிறீர்களா? ஒரு பட்டியலுக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டு, ஒரு பெயர் வழியாக மாற்றினால் இன்னொன்றில் என்ன தெரியும் என்று கேளுங்கள். இலக்கியத்தில் ஒரே சரியான விடை இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு கவிதையைக் கொடுத்து, அதைச் சொல்பவரின் மனநிலை கோபமா, கழிவிரக்கமா, கேலியா என்று வாக்கெடுத்து, ஆதாரமான வரியைக் காட்டச் சொல்லலாம்.

கணக்கு எண்களைப் போட்டு அடிக்க வேண்டிய கேள்வி இதற்கு உதவாது. இரண்டு கருத்துகளை ஒன்றாக முடிச்சுப் போட்ட கேள்வியும் உதவாது, மாணவர் எதில் தடுக்கினார் என்று உங்களுக்குத் தெரியாமல் போகும்.

எண்கள் என்ன சொல்கின்றன

ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 இயற்பியல் வகுப்புகளை, மொத்தம் 6,542 மாணவர்களை, ஒப்பிட்டுப் பார்த்தார். பருவத் தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கு பிடிபட்டது என்பதுதான் அளவுகோல். வெறும் விரிவுரையாக நடந்த 14 வகுப்புகளின் சராசரி 23 சதவீதம், அவற்றில் ஒன்றுகூட 30ஐத் தொடவில்லை. மாணவர்கள் பேசி, வாக்களித்து, உடனுக்குடன் பதில் பெற்ற 48 வகுப்புகளின் சராசரி 48 சதவீதம். (48 வகுப்பு, 48 சதவீதம் என்பது தற்செயல், அச்சுப் பிழை அல்ல.)

2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் திரட்டினார்கள். சக மாணவர் கற்பித்தல் மட்டும் அல்ல, மாணவரைச் செயல்பட வைக்கும் பல முறைகளும் அதில் அடக்கம். விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 34 சதவீதம், மற்றவற்றில் சுமார் 22. நூறு பேர் வகுப்பில் பன்னிரண்டு பேரின் வித்தியாசம்.

"போர்ஷன் எப்போது முடிப்பது?"

இதைச் சொன்னதும் ஆசிரியர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி. நேரம் போகத்தான் செய்யும். மசூர் செய்தது, புத்தகத்தில் இருப்பதை வகுப்பில் வாசிப்பதை நிறுத்தி, அந்த வாசிப்பை வகுப்புக்கு முந்தைய வேலையாக மாற்றியதுதான். வாசித்துவிட்டு வந்தார்களா என்று பார்க்க இரண்டு சிறு கேள்விகள். எல்லாப் பாடத்திலும் எல்லாக் கல்லூரியிலும் இது உடனே நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் எல்லாக் கருத்துக்கும் கேள்வி வைக்க வேண்டாம். ஆண்டுதோறும் மாணவர்கள் வழுக்கி விழும் ஐந்தாறு இடங்களுக்கு மட்டும் வையுங்கள். மற்றதை வழக்கம்போல நடத்துங்கள். விரிவுரை ஒன்றும் பகையில்லை. நல்ல கேள்வியில் சிக்கித் திணறியவருக்குக் கிடைக்கும் பத்து நிமிட விரிவுரைக்கு ஈடே கிடையாது.

இரண்டாவது எதிர்ப்பு மாணவர்களிடமிருந்து வரும். "சார் பாடமே நடத்துவதில்லை." ஹார்வர்டில் லூயி டெலோரியே குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராக அளந்தது. ஒரே பாடத்தைச் சில மாணவர்கள் சரளமான விரிவுரையாகக் கேட்டார்கள், சிலர் குழுவாகப் போராடிக் கற்றார்கள். தேர்வில் அதிகம் பெற்றவர்கள் போராடியவர்கள். ஆனால் நிறையக் கற்றோம் என்று உணர்ந்தவர்கள் விரிவுரை கேட்டவர்கள். தடுமாறுவது கற்காததன் அடையாளம் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் முதல் வாரத்திலேயே இந்தச் செய்தியை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், கஷ்டமாக இருப்பது வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று.

எட்டுப் பேர் உட்காரும் முதுகலை வகுப்புக்கு இந்த வாக்கெடுப்பெல்லாம் மிகை. நேராகக் கேட்டுப் பேசலாம். ஆய்வகத்தில் கை பழக வேண்டிய வேலைக்கும் இது பொருந்தாது. அறுபது பேர், நூறு பேர், இருநூறு பேர் என்று முகம் தெரியாத கூட்டமாக இருக்கும் இடத்தில்தான் இதன் அருமை தெரியும்.

வாக்கெடுப்புகூட இப்போதைக்கு வேண்டாம் என்பவர்கள் ஒன்று மட்டும் செய்து பார்க்கலாம். கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் பள்ளி வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை அளந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, இதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி கேட்கச் சின்னது, மேடையில் நிற்கும்போது யுகம். மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் முறை ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். முதல் வாக்கில் எத்தனை சதவீதம் சரி, இரண்டாவதில் எத்தனை, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபோது காதில் விழுந்த விசித்திரமான காரணம் என்ன என்று மூன்று வரி நோட்டில் குறித்துவையுங்கள். அந்த விசித்திரமான காரணம் அடுத்த ஆண்டுக் கேள்வியில் 'ஆ' விடையாகிவிடும்.